தேனீயின் கொடுக்கு

தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய நுண்ணிய முட்கள் இருப்பதால், கொட்டிய மாத்திரத்தில் அதையும் அதனோடு பிணைந்த விஷப்பையையும் நம் சருமத்திலேயே விட்டுவிட்டுத் தேனீ பிராணனை இழக்கிறது. ஆயினும், ஒட்டியிருக்கும் தசைகள் தாமாகவே இயங்கி விஷத்தை உள்ளே செலுத்திக்கொண்டிருக்கும். ஆகையால், எவ்விதம் எடுப்பது என்று யோசித்துக் காலதாமதம் செய்யாமல், நகத்தாலேனும் அதை உடனே அப்புறப்படுத்துவதே முதல் சிகிச்சை. அங்கிருந்து எழும் வாழைப்பழம் போன்ற வாசனை மற்றத் தேனீக்களை அழைக்கும் அபாய அறிவிப்பாதலால், அவ்விடத்தை விட்டு விரைந்து அகல்வதும் உசிதம்.

பிறகு சோப்பு நீரால் கழுவி, பனிக்கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றடம் கொடுத்தால், மெலிட்டின் என்னும் பிரதான விஷப்பொருளால் உண்டாகும் எரிச்சலும் வீக்கமும் பெரும்பாலும் தணியும். சுண்ணாம்பு தடவுவது நம் வீடுகளில் வழக்கமே எனினும், மேலே பூசியது உள்ளே இறங்கிய விஷத்தை முறிப்பதில்லை. சருமம் வெந்துபோகவும் கூடும்.

மூச்சுத்திணறல், நாக்கிலும் உதட்டிலும் வீக்கம், மயக்கம், உடலெங்கும் தடிப்பு ஆகியவை தோன்றினாலோ, பல தேனீக்கள் ஒருங்கே கொட்டினாலோ, கைவைத்தியத்தை நம்பிக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கடுமையான ஒவ்வாமையில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசியே.