உண்ணிக்கடிக்கு எத்தனை நாள் மாத்திரை?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்றொரு சிற்றூர். 1975 வாக்கில் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு முழங்கால் வீங்கியது. மூட்டுவாதம் என்றார்கள். ஒரே பகுதியில் இத்தனை குழந்தைகளுக்கா என்று தாய்மார்கள் விடாமல் கேட்ட பிறகுதான் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டியர் ஆராயத் தொடங்கினார். 1981இல் ஆராய்ச்சியாளர் வில்லி பர்க்டார்ஃபர் இதற்குக் காரணமான சுருள் வடிவ பாக்டீரியாவை உண்ணியின் குடலுக்குள் கண்டார். பாக்டீரியா என்று தெரிந்துவிட்டால் ஆன்டிபயாடிக் இருக்கிறது. இன்று அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர், அந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படும் லைம் நோய்க்குச் சிகிச்சை பெறுவதாக ஒரு மதிப்பீடு. ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் முழுக்கத் தேறிவிடுகிறார்கள். யாருக்கு, எப்போது, எத்தனை நாள் என்பதில்தான் குழப்பம்.

கடித்ததுமே மருந்தா?

எல்லோருக்கும் வேண்டாம். இந்த நோயை அங்கே பரப்புவது கருங்கால் உண்ணி. கசகசா அளவே இருக்கும் அதன் இளம்பருவம்தான் கோடையின் தொடக்கத்தில் அதிகம் கடிக்கிறது. கிருமி உண்ணியின் குடலில் இருக்கும். உண்ணி ரத்தம் உறிஞ்ச ஆரம்பித்த பிறகே அது பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு ஏறி, நம் தோலுக்குள் இறங்கும். இதற்குப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே சட்டையில் ஊர்ந்த உண்ணிக்காக மாத்திரை விழுங்க வேண்டியதில்லை.

ஒட்டியிருந்தால் கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டினாற்போல் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுக்க வேண்டும். வாஸ்லின் பூசுவது, தீக்குச்சியால் சுடுவது போன்ற கைவைத்தியமெல்லாம் நேரத்தைத்தான் தின்னும்.

கருங்கால் உண்ணிதான், நோய் பரவியுள்ள பகுதிதான், 36 மணி நேரமாவது ஒட்டியிருந்தது, எடுத்து 72 மணி நேரம் தாண்டவில்லை. இத்தனையும் பொருந்தினால் டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை கொடுப்பார்கள். நியூயார்க் மாநிலத்தில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், இந்த ஒற்றை வேளை மருந்து பெற்ற 235 பேரில் ஒருவருக்கு மட்டுமே கடித்த இடத்தில் லைம் தடிப்பு வந்தது. வெற்று மாத்திரை பெற்ற 247 பேரில் 8 பேருக்கு வந்தது. மருந்தே இல்லாதபோதும் 239 பேருக்கு அந்தத் தடிப்பு வரவில்லை என்பதையும் கவனியுங்கள். கடித்தவுடன் பதறுகிறவர்களுக்கு நான் காட்ட விரும்பும் எண் அதுதான்.

தடிப்பைப் பார்த்தால் போதும்

கடித்த 3 நாளிலிருந்து 30 நாளுக்குள், பெரும்பாலும் ஒரு வாரத்தில், ஒரு சிவந்த வட்டம் கிளம்பிப் படிப்படியாக விரியும். 5 சென்டிமீட்டரைத் தாண்டும். வலி இருக்காது, அரிப்பும் அவ்வளவாக இருக்காது. அதனாலேயே முழங்காலுக்குப் பின்னால், அக்குளில், இடுப்பு மடிப்பில் கண்ணில் படாமல் கிடக்கும். வட்டத்துக்குள் வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று படங்கள் பழக்கிவிட்டன. ஒரே சீராகச் சிவந்திருப்பதும் சகஜம். மாநிறமும் கறுப்பும் உள்ள தோலில் சிவப்பே தெரியாமல் கன்றிப்போன இடம் போல இருக்கும். நம்மவர்கள் ஏமாறக்கூடிய இடம் இது. கடித்த ஒன்றிரண்டு நாளில் தோன்றும் சிறு தடிப்பு உமிழ்நீருக்கான ஒவ்வாமை, தானே வடியும். சந்தேகமாக இருந்தால் பேனாவால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, மறுநாள் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கட்டத்தில் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருப்பது வீண். அது தேடுவது எதிர்ப்புப் புரதத்தை. அது உருவாகச் சில வாரங்கள் ஆகும். தடிப்பு இருக்கும்போதே ரிசல்ட் 'நெகட்டிவ்' என்று வரலாம். தேர்ந்த மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சிகிச்சை தொடங்கிவிடுவார்.

பத்து நாள், ஒரு டம்ளர் தண்ணீர்

டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 10 நாள். பெரியவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. அமாக்ஸிசிலின் என்றால் 500 மில்லிகிராம் மூன்று வேளை, செஃபுராக்ஸிம் என்றால் 500 மில்லிகிராம் இரண்டு வேளை. இரண்டும் 14 நாள். கர்ப்பிணிகளுக்கு அமாக்ஸிசிலின் தருவது வழக்கம். பல்லில் கறை விழும் என்று எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டாக்ஸிசைக்ளினை ஒதுக்கிவந்தார்கள். குறுகிய காலத்துக்குக் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறது. அளவை எடை பார்த்து மருத்துவரே முடிவு செய்வார்.

டாக்ஸிசைக்ளினை இரவில் ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுக்கொண்டு உடனே படுத்தால், மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். மறுநாள் எச்சில் விழுங்கினாலே நெஞ்சு எரியும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள். இரும்புச்சத்து, கால்சியம், அசிடிட்டி மருந்துகளைச் சில மணி நேரம் தள்ளியே சாப்பிடுங்கள். பாலையும் கூடவே குடிக்காதீர்கள். இவை மருந்தை உடலில் சேரவிடாது. வெயிலில் தோல் எளிதில் கருகும். முழுக்கைச் சட்டை நல்லது.

முதல் நாள் திடீரென்று குளிரும் காய்ச்சலும் கூடினால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். கிருமிகள் சாகும்போது சிலருக்கு இப்படி வரும். ஒரு நாளில் அடங்கும். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ இருந்தால் விஷயம் வேறு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முகம் ஒரு பக்கம் கோணினாலோ, தலைசுற்றலோடு நாடி மிக மெதுவாகத் துடித்தாலோ நோய் நரம்பையோ இதயத்தையோ தொட்டிருக்கலாம். அதற்கான சிகிச்சை வேறாக இருக்கலாம், நாள்களும் அதிகம்.

முடிந்த பிறகும் அசதி

சிலருக்கு மாதக்கணக்கில் களைப்பும் உடல்வலியும் நீடிக்கும். கற்பனையென்று தள்ளக் கூடாது. ஆனால் அதற்காக ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில் நீட்டுவதை நான் ஏற்கமாட்டேன். நெதர்லாந்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், கூடுதலாக 12 வாரம் மருந்து எடுத்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாக ஆகிவிடவில்லை.

ஊர் திரும்பியவர்களுக்கு

கோடையில் பிள்ளைகளைப் பார்க்க நியூஜெர்சிக்கும் கனெக்டிகட்டுக்கும் போய்வரும் பெற்றோர் இங்கே ஏராளம். தடிப்பு ஒரு மாதம் கழித்தும் வரலாம் என்பதால், அது சென்னையிலோ மதுரையிலோ தலைகாட்டலாம். காய்ச்சல் என்றதும் இங்குள்ள மருத்துவர் டெங்குவையும் ஸ்க்ரப் டைஃபஸையும்தான் முதலில் நினைப்பார். எந்த ஊரில் தங்கினீர்கள், வீட்டுப் பின்புறம் புல்வெளியா மரக்காடா, எந்தத் தேதியில் திரும்பினீர்கள் என்பதையெல்லாம் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.