மருந்தைத் துப்பும் செல்கள்

மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் கண்வலிக்கிழங்கு ஒரு பணப்பயிர். அதன் பூதான் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். பயிரிடுகிறவருக்குப் பூ பொருட்டல்ல, விதைதான் காசு. விதையில் இருக்கும் கொல்கிசின் என்ற வேதிப்பொருளுக்காக அது ஏற்றுமதியாகிறது. யூரிக் அமிலம் படிந்து வரும் மூட்டுவலிக்குக் கொல்கிசின் பழைய மருந்து. அளவு தப்பினால் ஆளைக் கொல்லும் விஷமும் அதுதான். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துப் பங்கிட நுண்குழல்கள் வேண்டும். கொல்கிசின் அந்தக் குழல்களைக் கட்டவிடாது. பிரிவு பாதியிலேயே நின்றுவிடும்.

புற்றுநோய் மருத்துவத்தின் நெடுநாள் புதிர் ஒன்று அவிழத் தொடங்கியது இந்த விஷத்தை வைத்துத்தான். கீமோ கொடுத்ததும் கட்டி சுருங்குகிறது. சில மாதம் கழித்து மறுபடி வளர்கிறது. அதே மருந்தை இப்போது கொடுத்தால் அசைவதில்லை. சரி, மருந்தை மாற்றலாம் என்று பார்த்தால், நோயாளியின் உடம்பு இதுவரை கண்டேயிராத மருந்துக்கும் அது அசைவதில்லை. முதல் மருந்துக்குப் பழகியது புரிகிறது. இரண்டாவதற்கு எப்போது பழகியது?

கனடாவின் டொரோண்டோ நகரில் விக்டர் லிங் என்ற ஆய்வாளர் சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்களைக் கொல்கிசினில் வளர்த்துக்கொண்டிருந்தார். அளவைப் படிப்படியாக ஏற்றினார். பெரும்பாலான செல்கள் மடிந்தன, தாக்குப்பிடித்த சில பெருகின. அவற்றிலும் அதே விசித்திரம்: கொல்கிசினோடு எந்த வேதியியல் உறவும் இல்லாத வேறு மருந்துகளும் அவற்றிடம் தோற்றன. 1976இல் லிங்கும் ருடால்ஃப் ஜூலியானோவும் காரணத்தைப் பிடித்தார்கள். எதிர்ப்புச் சக்தி பெற்ற செல்களின் மேல்படலத்தில் 1,70,000 டால்டன் எடையுள்ள ஒரு பெரிய புரதம் மலிந்து கிடந்தது. அதற்கு பி-கிளைக்கோபுரோட்டீன் என்று பெயரிட்டார்கள்.

செல்லின் மேல்படலம் கொழுப்பாலானது. கொழுப்பில் கரையும் மருந்துகள் அதன் வழியே தாமாகவே உள்ளே கசிந்துவிடும். அப்படிக் கசிந்ததை ஓட்டைப் படகில் ஏறும் தண்ணீரை இறைப்பது மாதிரி இந்தப் புரதம் ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கான ஆற்றலை ஏ.டி.பி. மூலக்கூறுகளை உடைத்துப் பெறுகிறது. 1986இல் அதன் மரபணு வரிசையைப் படித்தபோது, பாக்டீரியாக்கள் பொருள்களைக் கடத்தப் பயன்படுத்தும் புரதங்களின் சாயல் தெரிந்தது. பழைய குடும்பம்தான். 2009இல் எலியின் புரதத்தைப் படிகமாக்கிப் பார்த்தார்கள். நடுவே விசாலமான ஒரு குழி. ஒரே பூட்டுக்கு ஒரே சாவி என்ற கறார் அங்கே இல்லை. பல வடிவ மருந்துகள் அந்தக் குழியில் பொருந்திவிடுகின்றன. வேற்று மருந்துக்கும் செல் அசையாமல் போனதன் ரகசியம் அதுதான்.

அது எவற்றையெல்லாம் இறைக்கிறது என்று பாருங்கள். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வரும் வின்கிறிஸ்டின், யூ மரப்பட்டையில் கண்டுபிடிக்கப்பட்ட பாக்ளிடாக்சல், மண்ணில் வாழும் பாக்டீரியா தயாரிக்கும் டாக்சோருபிசின். எல்லாம் இயற்கையின் நஞ்சுகள். பிளாட்டினத்தைக் கொண்டு ஆய்வகத்தில் செய்த சிஸ்பிளாட்டினை அது தொடுவதில்லை. என் பார்வையில் மொத்தக் கதைக்கும் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. இந்தப் பம்ப் புற்றுநோயின் கண்டுபிடிப்பு அல்ல. தாவரங்களைத் தின்று வாழும் விலங்குகள் அவற்றின் நஞ்சிலிருந்து தப்பக் காலங்காலமாக வைத்திருக்கும் சொந்தச் சொத்து. குடல் சுவர், கல்லீரல், சிறுநீரகம், மூளைக்குப் போகும் நுண்ரத்தக் குழாய்கள் என எங்கே நஞ்சைத் தடுக்க வேண்டுமோ அங்கெல்லாம் அது இருக்கிறது. புற்றுநோய்ச் செல் அந்த மரபணுவை அளவுக்கு மீறி முடுக்கிவிடுகிறது, அவ்வளவே.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது ஆம்ஸ்டர்டாமில் தற்செயலாகத் தெரியவந்தது. நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தில் ஆல்ஃபிரட் ஷிங்கெல் குழுவினர் இந்த மரபணுவை நீக்கிய எலிகளை வளர்த்தார்கள். பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. கூண்டுகளில் சிற்றுண்ணித் தொல்லை வந்ததால், எலிகளுக்குத் தீங்கு செய்யாத ஐவர்மெக்டினை வழக்கம்போலத் தெளித்தார்கள். சாதாரண எலிகள் பிழைத்தன. மரபணு நீக்கப்பட்டவை செத்து விழுந்தன. அவற்றின் மூளையில் ஐவர்மெக்டின் 80 மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. 1994இல் வெளியான ஆய்வு இது. கோலி இன நாய்கள் பலவற்றுக்கு ஐவர்மெக்டின் ஆகாது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதும் அதே மரபணுவின் பழுதால்தான். வயிற்றுப்போக்குக்கு நாம் விழுங்கும் லோபரமைடு மாத்திரை உண்மையில் அபின் வகையைச் சேர்ந்தது. குடலோடு நின்று, தலைக்கு ஏறாமல் இருப்பது இந்தப் பம்பின் தயவு.

இதையெல்லாம் முழுதாக அறிவதற்கு முன்பே பம்பை அடைக்கும் முயற்சி தொடங்கிவிட்டது. 1981இல் ஜப்பானின் தகாஷி சுருவோ, ரத்த அழுத்த மருந்தான வெராபமில் சேர்த்தால் வின்கிறிஸ்டினுக்கு அசையாத ரத்தப் புற்றுச் செல்கள் மறுபடி மடிவதைக் காட்டினார். உற்சாகம் கரைபுரண்டது. ஆனால் பம்பை அடைக்கத் தேவையான அளவு வெராபமிலை மனித இதயம் தாங்கவில்லை. அடுத்து வந்த வால்ஸ்போடார் புற்றுநோய்ச் செல்லின் பம்போடு கல்லீரலின் பம்பையும் அடைத்தது. கீமோ மருந்து உடம்பை விட்டு வெளியேற முடியாமல் ரத்தத்தில் தேங்க, அதன் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய கதை. கூர்மையாக வேலை செய்யும் டாரிகிடாரும் நுரையீரல் புற்றுநோய்ச் சோதனைகளில் கைகொடுக்கவில்லை. போதாக்குறைக்கு, ஒரு பம்பை அடைத்தால் அந்த வேலையைச் செய்ய வேறு பம்புகளும் இருந்தன: 1992இல் ஒன்று, 1998இல் இன்னொன்று கண்டுபிடிக்கப்பட்டன. பம்புகளே இல்லாமல் மருந்தை ஏய்க்கும் வழிகள் தனி.

படலத்தில் உள்ள கடத்திப் புரதங்கள் வெளியே தள்ளுவதற்கு மட்டுமல்ல. வளர்கிற கட்டிக்குத் தீனி வேண்டும்; பல புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸை உள்ளே இழுக்கும் குளூட்-1 புரதத்தைப் படலத்தில் நிறைத்துக்கொள்கின்றன. பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவது, கதிரியக்க ஃபுளோரின் ஒட்டிய குளுக்கோஸை அது சர்க்கரை என்று நம்பி வாரிக்கொள்வதால். வழக்கமாக உள்ளே இழுக்கும் சாதாரண குளுக்கோஸில் பெரும்பகுதியைக் கட்டி லாக்டிக் அமிலமாக மாற்றி, எம்.சி.டி.-4 போன்ற புரதங்கள் வழியாக வெளியே கொட்டுகிறது. சுற்றுப்புறம் அமிலமாகிறது, அண்டைத் திசு அரிக்கப்படுகிறது, நோய் எதிர்ப்புச் செல்கள் சோர்கின்றன. கட்டி இடம்விட்டு இடம் பரவ அது ஒரு வசதி.

பரவுகிற செல் மூளையில் போய்த் தங்கிவிட்டால் பழைய பம்ப் இன்னொரு வேடத்தில் வருகிறது. இம்முறை அது கட்டியில் இருக்க வேண்டியதுகூட இல்லை. மூளையின் ரத்தக் குழாயில் நின்று, மூளையைக் காக்கும் தன் கடமையைச் செய்தாலே மருந்து கட்டியைச் சேராது. ஏ.எல்.கே. மரபணு மாற்றத்தால் வரும் நுரையீரல் புற்றுநோய் புகைக்காதவர்களையும் இளையவர்களையும் கூடத் தாக்குவது. மூளைக்கும் அடிக்கடி பரவும். அதற்கு முதலில் வந்த கிரிசோடினிப் மாத்திரை நுரையீரலில் நன்றாக வேலை செய்தது. மூளைக்குள் அதிகம் நுழைய முடியவில்லை.

இங்கேதான் வேதியியலாளர்கள் உத்தியை மாற்றினார்கள். பம்போடு மல்லுக்கட்டாமல், பம்ப் அடையாளம் காணாத மூலக்கூறைச் செய்தால் என்ன? கிரிசோடினிப்பின் கட்டமைப்பைச் சுருக்கி வளையமாக மூடி, பி-கிளைக்கோபுரோட்டீனின் பிடியில் சிக்காதபடி லோர்லாடினிப்பை உருவாக்கினார்கள். 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2024இல் வந்தது: நோய் முற்றாமல் இருந்தவர்கள் லோர்லாடினிப் பிரிவில் 60 சதவீதம், கிரிசோடினிப் பிரிவில் 8 சதவீதம். முழுப் பெருமையும் பம்பை ஏமாற்றியதற்கே சேராது. மரபணு பிறழ்ந்து எதிர்ப்புப் பெற்ற கட்டிகளையும் புது மருந்து தாக்குகிறது. ஆனாலும் மூளையில் கிடைத்த பலன், உள்ளே நுழைய முடிந்ததால் கிடைத்தது.

அதற்கு ஒரு விலையும் உண்டு. லோர்லாடினிப் சாப்பிடுகிறவர்களில் கணிசமானோருக்கு ஞாபகம் தடுமாறுகிறது, பேச்சு மந்தமாகிறது, காரணமில்லாமல் கோபமும் அழுகையும் வருகின்றன, அபூர்வமாக இல்லாத உருவங்களும் தெரிகின்றன. சிலர் தங்களிடம் மாற்றத்தையே உணர்வதில்லை. வீட்டார்தான் கவனித்துச் சொல்கிறார்கள். மருந்தை நிறுத்திவைத்தாலோ அளவைக் குறைத்தாலோ பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. ஆகவே மருந்தை எழுதித் தரும்போதே மருத்துவர்கள் குடும்பத்தாரையும் அழைத்து உட்காரவைத்துப் பேசுகிறார்கள்.