வெண்புள்ளித் தீநுண்மமும் இறால் புரதங்களும்

வெண்புள்ளித் தீநுண்மம் (வைரசு) என்பது இறால், நண்டு முதலிய ஓட்டுடலிகளைத் தாக்கும், இரட்டை இழை டி.என்.ஏ. கொண்ட தீநுண்மம் ஆகும். இது மனிதரைத் தாக்குவதில்லை. எல்லாத் தீநுண்மங்களையும் போல, இதுவும் ஓம்புயிரின் உயிரணுப் புரதங்களைப் பயன்படுத்தியே பெருகுகிறது.

பரவல்

இந்நோய் 1992 இல் தைவானில் அறியப்பட்டது. 1994-95 காலப்பகுதியில் இந்தியக் கிழக்குக் கடற்கரைப் பண்ணைகளில் பேரழிவை உண்டாக்கியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் பாக்கு நீரிணையை ஒட்டிய மணமேல்குடிப் பகுதி உட்பட, தமிழகக் கடலோரத்தின் இறால் பண்ணைகளுக்கு இது இன்றும் பெரும் அச்சுறுத்தலாகும். நோய் தோன்றிய 3 முதல் 10 நாட்களில் ஒரு குளத்து இறால்கள் அனைத்தும் இறந்துவிடக்கூடும்.

உயிரணுவினுள் நுழைதல்

தீநுண்மத்தின் உறையில் வி.பி.28 என்னும் புரதம் மிகுதியாக உள்ளது. இது இறாலின் ராப்7 புரதத்துடன் பிணைவதைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் 2006 இல் கண்டறிந்தனர். உயிரணு உட்கொள்ளும் பொருட்கள் நுண்பைகளில் அடைக்கப்பட்டு உள்ளே செல்கின்றன. அப்பைகளைச் செரிமானப் பகுதிக்குச் செலுத்துவதே ராப்7 இன் இயல்பான பணி. தீநுண்மம் இப்போக்குவரத்தைத் தன் பயணத்திற்குப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆய்வகத்தில் ராப்7 உற்பத்தியை ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறையால் குறைத்தபோது தீநுண்மப் பெருக்கமும் குறைந்தது.

பெருகுதல்

தீநுண்மம் உயிரணுவின் கருவில் பெருகுகிறது. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியத்திற்கான மரபணு அதனிடமே உண்டு. ஆனால் புரதங்களை உருவாக்க இறாலின் ரைபோசோம்களையே அது சார்ந்துள்ளது.

தொற்றின் தொடக்கத்தில் செயற்படும் ஐ.இ.1 மரபணுவை முடுக்குவதில் இறாலின் ஸ்டாட் புரதம் பங்கேற்பது 2007 இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. பல விலங்குகளில் ஸ்டாட் புரதங்கள் தீநுண்மத்திற்கு எதிரான மரபணுக்களை இயக்குபவை. இங்கோ, அத்தகைய புரதமே தீநுண்மத்திற்குத் துணைபோகிறது.

முக்கியத்துவம்

இறால்களில் மனிதரைப் போன்ற பிறபொருளெதிரிகள் (ஆன்டிபாடி) உருவாவதில்லை. எனவே வழக்கமான தடுப்பூசி முறையை இவற்றுக்கு அப்படியே பயன்படுத்த இயலாது. நோயுற்ற குளத்தைக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. பி.சி.ஆர். சோதனையில் தேறிய குஞ்சுகளை இருப்புச் செய்தல், நீரைத் தூய்மையாக்குதல், நோய்க்கடத்திகளான நண்டுகள் நுழையாமல் வேலியிடுதல் ஆகியவையே பண்ணையாளர்கள் கையாளும் தடுப்புமுறைகள்.

தீநுண்மம் சார்ந்திருக்கும் ஓம்புயிர்ப் புரதத்தைத் தடுப்பது மற்றொரு வழியாக ஆராயப்படுகிறது. எனினும் ராப்7 போன்றவை இறாலின் வாழ்வுக்கும் தேவையானவை. இறாலுக்குத் தீங்கின்றித் தீநுண்மத்தை மட்டும் தடுப்பதே இவ்வாய்வுகளின் முதன்மைச் சிக்கல் ஆகும்.