புதிய பொம்மையைப் பழசாக்கும் வித்தை

கடையிலிருந்து வாங்கி வந்த பொம்மையை யாராவது கீறி, தேய்த்து, கரி பூசிப் பழசாக்குவார்களா? ஜப்பானில் அதற்கென்றே ராத்திரி பகலாக உழைக்கிறார்கள். சிறு பிள்ளைகள் அல்ல; தலை நரைத்தவர்களும் அவர்களில் உண்டு. பொம்மையின் பெயர் 'குண்டாம்'.

1979 ஏப்ரலில் டொமினோ யொஷியுகி என்ற டைரக்டரின் சித்திரத் தொடர் ஒன்று ஜப்பானிய டெலிவிஷனில் ஆரம்பமாயிற்று. விண்வெளி யுத்தக் கதை. அதில் வரும் யந்திர வீரன் தானாக நடப்பவனல்ல. உள்ளே ஒரு மனிதன் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். உயரம் 18 மீட்டர். 52 வாரம் ஓட வேண்டிய தொடர், ஆதரவு போதாமல் 43 வாரத்தோடு 1980 ஜனவரியில் நின்று போயிற்று. வேடிக்கை என்னவென்றால், நின்ற பிறகுதான் ஜனங்கள் அதைத் தேட ஆரம்பித்தார்கள்! அந்த ஜூலையில் பண்டாய் கம்பெனி 300 யென் விலையில் ஒரு பெட்டியைக் கொண்டு வந்தது. உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள். ஒட்டினால் பன்னிரண்டரை சென்டிமீட்டர் வீரன். அதாவது கதையில் உள்ளவனில் 144-ல் ஒரு பங்கு.

ஆனால் கதையின் வீரனுக்கு வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நான்கு வர்ணம். பெட்டியில் இருந்ததோ வெள்ளை பிளாஸ்டிக். ஆகவே பிள்ளைகள் பிரஷ்ஷை எடுத்தார்கள். அவர்களோடு, யுத்த டாங்கி மாடல்கள் செய்து பழகிய பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். போர்க்களம் போன யந்திரம் கல்யாண மாப்பிள்ளை போல் பளபளக்குமா என்பது அவர்கள் கேள்வி. 1981-ல் 'ஹாபி ஜப்பான்' பத்திரிகை இவர்கள் கைவேலைக்கென்றே தனி மலர் போட்டது. 1983-ல் கம்பெனியே, தொடரில் வராத புதுப்புது வீரர்களைப் பெட்டியில் அடைத்து விற்க முன்வந்தது.

1990 முதல் வர்ணம் கலந்த துண்டுகளே வருகின்றன. பசையும் வேண்டாம், அழுத்தினால் பொருந்திக்கொள்ளும். பிறகு வர்ணம் எதற்கு? கணக்குப் போட்டுப் பாருங்கள். பொம்மையில் ஒரு மில்லிமீட்டர் கீறல், நிஜ வீரன் மேல் பதினான்கு சென்டிமீட்டருக்கும் அதிகமான காயம். அந்தக் கீறல்தான் கையளவு பிளாஸ்டிக்கை 18 மீட்டர் இரும்பாக்குகிறது.

துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டி, வெட்டிய தழும்பை 400, 600, 800 நம்பர் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்க்க வேண்டும். பிரைமர் அடித்து, அதன் மேல் லாக்கர் வர்ணத்தை ஏர் பிரஷ்ஷால் மெல்லிய படலங்களாகத் தெளிப்பார்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், முகமூடியும் அவசியம். பிறகு பளபளப்பு வார்னிஷ். அதன் மேல் நீர்க்கக் கரைத்த கறுப்பு எனாமலை விட்டால், தகடுகளின் இடுக்குகளில் அது தானாக ஓடிப் பாயும். மிஞ்சியதை எனாமல் தின்னரால் துடைத்துவிடலாம். அது அடியிலுள்ள லாக்கரைக் கரைக்காது. கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டால் விளிம்புகளில் வெள்ளியை ஒற்றினால் வர்ணம் உதிர்ந்த இரும்பு தெரியும். முடிவில் மங்கல் வார்னிஷ். மழை நாளில் தெளித்தால் வெள்ளையாகப் பூத்துப் போகும்.

சிலர் அளவு தெரியாமல் கால் முழுதும் சேறு அப்புகிறார்கள். விண்வெளியில் சண்டையிட்டவன் காலில் சேறு எப்படி வந்தது?

ஆபத்து அந்தத் தின்னரில்தான் இருக்கிறது. பல பொம்மைகளின் மூட்டுகள் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். இறுக்கமாக மாட்டிய மூட்டுக்குள் தின்னர் கசிந்தால், வெளியே ஒன்றும் தெரியாது. சிறிது நேரத்தில் 'டக்' என்று தோள் பிளந்து விடும். வாரக்கணக்கான உழைப்பு, அதுவும் கடைசிக் கட்டத்தில்! தெரிந்தவர்கள் துண்டுகளைக் கழற்றி வைத்தே துடைக்கிறார்கள்; நன்றாக உலர்ந்த பின்தான் மாட்டுகிறார்கள்.

பிளந்த தோளில் மெல்லிய துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகி ஒட்டுபவர்கள் உண்டு. வேறு சிலர் அந்தக் கையை அப்படியே விட்டுவிட்டு, தலையையும் கழற்றி, வெட்டுவாயில் கரி பூசுகிறார்கள். தொடரின் இறுதியில் குண்டாம் தலையும் ஒரு கையும் இழந்த கோலத்தில்தான் மேல் நோக்கிச் சுடுகிறது.