பொட்டலத்துக்குள் ஒரு பூ

பூக்களும் பூதங்களும் வரைந்த டாரட் சீட்டுக் கட்டு இன்று கைபேசியில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடுகிறது. கோப்பை நீருக்கு, வாள் காற்றுக்கு, கோல் நெருப்புக்கு, காசு நிலத்துக்கு என்று 78 சீட்டுகளில் 56-ஐ நான்கு பூதங்களுக்குப் பங்கிட்டிருப்பார்கள். நம் ஐந்தாவது பூதமான ஆகாயத்துக்கு அதில் பங்கில்லை. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்து, 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில் குறி பார்க்கும் கருவியாக மாறிய கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. பூவை வைத்துக் குறி கேட்க நம் ஊரிலும் ஒரு வழி உண்டு. அதற்கு 78 வேண்டாம், இரண்டே போதும். பூக்கட்டிப் பார்த்தல் என்கிற அந்த வழக்கம், பார்க்க எளிதாக இருந்தாலும், அமைப்பில் டாரட்டைவிட நேர்மையானது என்பது என் கட்சி.

மேல்மலையனூர் அங்காளம்மனைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் வட மாவட்டங்களில் ஏராளம். அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்குத் திரளும் கூட்டம் வேண்டுதலோடு மட்டுமா வருகிறது? பெண்ணைக் கொடுக்கலாமா, நிலத்தை விற்கலாமா என்ற கேள்விகளையும் சுமந்துதான் வருகிறது. இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் கண்ட வழிதான் பூக்கட்டு. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. நந்தியாவட்டையும் செவ்வரளியும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே அளவாகக் கிழித்த இரண்டு வாழை இலைத் துண்டுகளில் தனித்தனியாக மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் போடுவார்கள். நந்தியாவட்டையின் இதழ் மெல்லியது, அரளிக்குச் சற்றுக் கனத்த காம்பு. இலையை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றினால்தான் தொட்டுப் பார்த்தும் வித்தியாசம் தெரியாது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம் என்று கேட்பவர் முதலிலேயே மனத்தில் முடிவு கட்டிவிட வேண்டும். பிறகு, விஷயம் என்னவென்றே தெரியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள்.

என்னைக் கட்டிப்போடுவது இந்தக் குழந்தைதான். பதிலின் பொருள் முன்கூட்டியே நிச்சயமாகிவிட்டது, பொட்டலங்களுக்குள் வேறுபாடு தெரியாது, எடுப்பவருக்கோ விளைவில் அக்கறை கிடையாது. மருந்துகளைச் சோதிக்கும் விஞ்ஞானிகள் இன்று வற்புறுத்துவதும் இதே ஒழுங்கைத்தான். டாரட்டில் பொருள் சீட்டைப் பிரித்த பிறகுதான் பிறக்கிறது. தாமரை வந்தால் அமைதி என்றும் சொல்லலாம், சேற்றிலிருந்து மீள்வது என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் கேட்பவருக்குப் பொருந்திவிடும். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே குணச்சித்திரத்தை, அவரவருக்கென்றே எழுதியதுபோல் கொடுத்தார். அது தங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் போட்ட மதிப்பெண் சராசரியாக 5-க்கு 4-ஐத் தாண்டியது. நந்தியாவட்டைக்கு இப்படி வளைந்துகொடுக்க வழியில்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையிலும், ஒன்றுமறியாத ஒரு சிறுவன்தான் குடத்துக்குள் கைவிட்டு ஓலையை எடுக்கிறான். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். ஓலையைக் கைக்குள் மறைத்து மாற்றிவிடக் கூடாது என்பதில் அத்தனை கவனம்!

பூவுக்கு எதிர்காலம் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியாது, வெள்ளை வருவதற்கு வாய்ப்பு சரிபாதி, அவ்வளவுதான். ஆனால் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்போது, பாகப்பிரிவினையில் கிழக்குப் பங்கு அண்ணனுக்கா தம்பிக்கா என்பதுபோல, யாரும் யாரையும் குறை சொல்ல முடியாத ஒரு முடிவு அதனால் கிடைக்கிறது. அது பெரிய உதவி. டாரட் எதிர்காலத்தைச் சொல்வதில்லை, நம் மனத்தை நமக்கே காட்டும் கண்ணாடி அது என்று இன்னொரு சமாதானம் உண்டு. அதை ஏற்கிறேன். அப்படியானால் டாரட் சீட்டின் லில்லியை எதற்குக் கடன் வாங்க வேண்டும்? காத்திருத்தலுக்கு முல்லை, ஊடலுக்கு மருதம், வெற்றிக்கு வாகை என்று மனநிலைக்கும் நிகழ்ச்சிக்கும் பூப்பெயர் வைத்த மொழி இது. வாகை சூடினான் என்று தினமும் எழுதுகிறோம். தெருவோரத்து வாகை மரத்தைக் காட்டினால் பெயர் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்?

பூக்கட்டும் கெடாமல் இல்லை. சிவப்பு வந்தால் மறுபடி கட்டு, அப்போதும் சிவப்பா, இன்னொரு தடவை கட்டு என்கிறவர்கள் உண்டு. மூன்று தடவைக்குள் ஒருமுறையாவது வெள்ளை வருவதற்கு வாய்ப்பு எட்டில் ஏழு. குழந்தையை வைத்துக் காத்த நேர்மை அத்தோடு போயிற்று. அறிந்துகொள்ள வழியிருக்கும் விஷயத்துக்குப் பூப்போடுவது அதைவிட மோசம். பாறை மண்டிய செஞ்சிப் பக்கத்தில் நிலத்தடி நீர் பெரும்பாலும் பாறையின் விரிசல்களில் ஓடுகிறது. போர்வெல் போடுமுன் மின்தடை ஆய்வு செய்தால் அந்த விரிசல் இருக்கும் இடத்தை ஓரளவு கணிக்கலாம். பூவால் அது ஆகாது. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று பூக்கட்டிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. வரனுக்குச் சம்மதம் சொல்லலாமா என்று பொட்டலத்தைக் கேட்கிற வீட்டில், அந்தப் பூவைப் பறித்து வந்து இலையில் மடித்துக் கொடுத்தவள் கல்யாணப் பெண்ணாகவே இருக்கலாம். அவளைக் கேட்டார்களா?