பத்து குரூப்புல வந்தா பத்து சாட்சியா? திருப்பூர், மார்ச் 2023

இந்த எபிசோடுல புது ஃபோனும் இல்லை, ஏஐ மாடலும் இல்லை. 2023 மார்ச் முதல் வாரத்தில், நம்ம ஊர்ப் பக்கம் நடந்ததாகச் சொல்லப்பட்ட, ஆனா நடக்கவே நடக்காத ஒரு படுகொலையைப் பற்றிப் பேசப் போறோம். நடக்காத அந்த விஷயத்துக்காக பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. பாட்னாவில் இருந்து நாலு பேர் கொண்ட அதிகாரிகள் குழு கிளம்பி வந்தது. திருப்பூர்ல பனியன் கம்பெனி நடத்துறவங்க, நாளைக்கு ஷிஃப்டுக்கு ஆள் வருமான்னு கவலையோட உட்கார்ந்திருந்தாங்க.

திருப்பூரைப் பற்றி இதைக் கேட்கிற பாதிப் பேருக்குச் சொல்லவே தேவையில்லை. வருஷத்துக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல ஏற்றுமதி பண்ற ஊர். கட்டிங், பவர்டேபிள், செக்கிங், அயர்னிங், சாயப்பட்டறைன்னு எங்க போனாலும் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் பசங்க இருப்பாங்க. கோயம்புத்தூர் ஃபவுண்டரியிலும் அப்படித்தான். அவங்க ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டா ஆர்டர் நிக்கும். அதனால இது வெறும் இன்டர்நெட் சண்டை இல்லைங்க.

என்ன நடந்துச்சுன்னு வரிசையா சொல்லிடறேன். மார்ச் 1, முதல்வர் ஸ்டாலினோட பிறந்தநாள். சென்னையில் நடந்த விழாவுக்கு பீகார் துணை முதல்வர் தேஜஸ்வி யாதவ் வந்திருந்தார். அதே நாட்கள்ல, தமிழ்நாட்டுல இந்தி பேசுற தொழிலாளர்களை அடிக்கிறாங்க, வெட்டுறாங்கன்னு வீடியோக்கள் வட இந்தியாவில் சுத்த ஆரம்பிச்சது. தைனிக் பாஸ்கர் மாதிரி பெரிய இந்திப் பத்திரிகையிலேயே செய்தி வந்தது. மார்ச் 2ஆம் தேதி பீகார் முதல்வர் நிதிஷ் குமார், தாக்குதல் நடப்பதாகப் பத்திரிகைகள் மூலமாகத் தெரிஞ்சுக்கிட்டதா ட்வீட் போட்டார். உத்தரப் பிரதேச பாஜக செய்தித் தொடர்பாளர் பிரசாந்த் உம்ராவ் ஒரு படி மேல போய், இந்தி பேசினதுக்காக 12 பேரைத் தூக்குல தொங்கவிட்டாங்கன்னு போட்டார். நம்ம டிஜிபி சைலேந்திர பாபு ஒரு வீடியோ வெளியிட்டு மறுத்தார். சுத்திக்கிட்டிருந்த வீடியோக்கள்ல ஒண்ணு திருப்பூர்ல வட மாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள்ள போட்ட சண்டை, இன்னொண்ணு கோவையில உள்ளூர்க்காரங்களுக்குள்ள நடந்த மோதல்னு சொன்னார்.

இப்போ நிதிஷ் குமார் ட்வீட்டைக் கொஞ்சம் கவனிங்க. "பத்திரிகைகள் மூலமாக" தெரிஞ்சுக்கிட்டேன்கிறார். பத்திரிகைக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் அதே வீடியோக்கள்தான். மறுநாள் முதலமைச்சர் கவலைப்பட்டார்னு அதே பத்திரிகைகள்ல செய்தி வரும். அதைப் படிக்கிறவர், சி.எம்.மே சொல்லிட்டாரு, அப்போ உண்மைதான்னு நினைப்பார். வீடியோ பத்திரிகை ஆச்சு, பத்திரிகை ட்வீட் ஆச்சு, ட்வீட் மறுபடி பத்திரிகை ஆச்சு. பார்க்கிறவங்களுக்கு மூணு நாலு ஆதாரம் மாதிரி தெரியும். உள்ள இருக்கிறது ஒண்ணே ஒண்ணு.

சயின்ஸ்ல இதுக்கு ரொம்ப அடிப்படையான ஒரு விதி உண்டு. பத்து பேர் தனித்தனியா அளந்தாதான் பத்து அளவீடு. ஒருத்தர் அளந்ததைப் பார்த்து மத்த ஒன்பது பேர் எழுதிக்கிட்டா அது ஒரே அளவீடு, அந்த முதல் ஆள் தப்புப் பண்ணியிருந்தா பத்துமே தப்பு. சிறுவாணித் தண்ணியைப் பத்துக் குடத்துல ஊத்தி வச்சா பத்து ஆறு ஆயிடாதுங்க. வாட்ஸ்அப்ல இரட்டை அம்புக்குறி போட்டு, பல முறை ஃபார்வேர்டு ஆனதுன்னு காட்டுதே, அது குடங்களோட எண்ணிக்கையை மட்டும்தான் சொல்லுது. தண்ணி எங்கிருந்து வந்ததுன்னு சொல்றதில்லை.

அப்படியும், பேப்பர்லயே வந்துச்சேன்னு கேட்பாங்க. இந்த வாக்கியம் கொங்கு மண்டலத்துக்குப் புதுசில்லை. பெருந்துறையில ஈமு கோழிப் பண்ணையில பணம் போட்டவங்களும், டிவியிலயே விளம்பரம் வருது, சினிமாக்காரங்களே சொல்றாங்கன்னு நம்பித்தான் போட்டாங்க. 2012ல அது கவிழ்ந்தப்போ எத்தனை விவசாயக் குடும்பங்கள் தெருவுக்கு வந்ததுன்னு ஈரோடு பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. மீடியத்தோட மரியாதையை செய்திக்கு மாத்திக் கொடுக்கிறோம், அவ்வளவுதான் விஷயம்.

சரி, சந்தேகம் வந்தா என்ன பண்றது? எல்லாரும் உடனே டூல் என்னன்னுதான் கேட்பாங்க. டூலுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இது உண்மைன்னா, வேற என்னவெல்லாம் உண்மையா இருக்கணும்?

12 பேரைத் தூக்குல போட்டதா சொல்றாங்க. அப்போ 12 உடல் இருக்கணும். அரசு மருத்துவமனையில 12 போஸ்ட்மார்ட்டம். 12 எஃப்ஐஆர். உடலை ஊருக்கு அனுப்ப ஆம்புலன்ஸ், விமானம், யாராவது ஒருத்தர் கையெழுத்து. வேலைக்குக் கூட்டிட்டு வந்த கான்ட்ராக்டர் பதில் சொல்லணும். பீகார்ல 12 கிராமங்கள்ல அழுகை கேட்கணும், அந்த வீட்டு வாசல்ல உள்ளூர் டிவி கேமரா நிக்கணும். இங்க தொழிற்சங்கங்கள் சும்மா இருக்குமா? திருப்பூர்ல கூலி உயர்வுக்கே கொடி பிடிக்கிற ஊருங்க. இப்படி ஒரு பெரிய சம்பவம் நடந்தா அது நூறு இடத்துல தடயம் விடும். ஒரு இடத்துலகூட தடயம் இல்லைன்னா, அந்த இல்லாமையே ஒரு தரவுதான். இதுக்கு ஆப் எதுவும் வேண்டாம். செய்தி போட்ட பத்திரிகை ஒரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு ஸ்டேஷனுக்கும் ஃபோன் போட்டிருந்தாலே தெரிஞ்சிருக்கும்.

அடுத்தது வீடியோ. இங்க கொஞ்சம் டெக்னிக்கல். வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ வரும்போது அது மறுபடி சுருக்கப்பட்டுத்தான் வருது. எடுத்த தேதி, இடம், கேமரா மாடல் மாதிரி உள்ளே பதிஞ்சிருக்கிற தகவல் பெரும்பாலும் வழியிலேயே போயிடும். அதனால ஃபைலைத் தோண்டிப் பிரயோஜனம் இல்லை, படத்தைத்தான் பார்க்கணும். வீடியோவை நிறுத்தி, தெளிவா இருக்கிற நாலஞ்சு ஃபிரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸ்லயோ யாண்டெக்ஸ்லயோ போடலாம். இன்விட்னு ஒரு பிரவுசர் பிளகின் இந்த ஃபிரேம் பிரிக்கிற வேலையைத் தானே செய்யும். அதே படம் இதுக்கு முன்னாடி எங்க, எந்தத் தேதியில வந்திருக்குன்னு கிடைச்சா பாதி வேலை முடிஞ்சது.

இந்த விவகாரத்தில் உண்மை சரிபார்க்கிறவங்க இப்படித்தான் பிடிச்சாங்க. ஒரு கொடூரமான வெட்டு வீடியோ, ராஜஸ்தான் ஜோத்பூர்ல 2023 பிப்ரவரியில ஒரு வழக்கறிஞர் கொலை செய்யப்பட்டது. இன்னொண்ணு அதே மாசம் கோவை கோர்ட் பக்கத்துல நடந்த கொலை. அது நம்ம ஊர்தான், சம்பவமும் நிஜம்தான், ஆனா செத்தவரும் வெட்டினவங்களும் உள்ளூர்க்காரங்க. கோவை பேப்பர்கள்ல அது ஏற்கனவே விலாவாரியா வந்திருந்தது. டூலே இல்லாமலும் சிலதைக் கவனிக்கலாம். போர்டு எந்த மொழி? ஆட்டோ மஞ்சளா? வண்டி நம்பர் டி.என். 37, 38, 39னு ஆரம்பிக்குதா, ஆர்.ஜே.ன்னு ஆரம்பிக்குதா?

நான் இதுல முக்கியமா பார்க்கிறது இதுதாங்க. இந்த வெட்டு வீடியோக்கள்ல யாரும் டீப்ஃபேக் பண்ணலை. ரத்தம் நிஜம், அலறல் நிஜம். பொய்யா இருந்தது மேல எழுதியிருந்த ஒரு வரி கேப்ஷன். 2018ல குழந்தை கடத்தல் வதந்தியில நாடு முழுக்க அப்பாவிகளை அடிச்சுக் கொன்னாங்களே, அப்போ சுத்தின வீடியோ ஒண்ணு கராச்சியில எடுத்த குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் படம். பைக்குல வந்தவங்க குழந்தையைத் திருப்பி விட்டுட்டு, எவ்வளவு சுலபம் பாருங்கன்னு சொல்ற கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிட்டாங்க. அந்த மே மாசம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்துல, கோயிலுக்குப் போற வழியில குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த சென்னைப் பாட்டி ஒருத்தரை ஊரே சேர்ந்து அடிச்சுக் கொன்னுச்சு. அப்புறம்தான் வாட்ஸ்அப் இந்தியாவில ஒரே நேரத்துல அஞ்சு சாட்டுக்கு மேல ஃபார்வேர்டு பண்ண முடியாதுன்னு கட்டுப்பாடு கொண்டு வந்தது.

இதுவரைக்கும் கேட்டா, வடக்குல இருக்கிறவங்க எவ்வளவு சுலபமா ஏமாறுறாங்கன்னு தோணலாம். அப்படின்னா அந்த வருஷம் ஜனவரிக்குக் கொஞ்சம் பின்னாடி போகலாம்.

மார்ச்சுக்கு அஞ்சு வாரம் முன்னாடி, ஜனவரி கடைசியில, இதே திருப்பூர்ல இருந்து ஒரு வீடியோ தமிழ்நாடு முழுக்கப் பரவுச்சு. வட மாநிலத் தொழிலாளர்கள் கூட்டமா உள்ளூர் ஆட்களைத் துரத்துற மாதிரி காட்சி. வடக்கன் தமிழனை அடிக்கிறான், திருப்பூர் கைவிட்டுப் போச்சுன்னு தமிழ் குரூப்கள்ல ஓடுச்சு. விசாரிச்சுட்டு போலீஸ் சொன்னது என்னன்னா, ஜனவரி நடுவுல ஒரு டீக்கடையில சிகரெட் புகையை வச்சு ஆரம்பிச்ச தகராறு. ரெண்டு பக்கமும் சண்டைக்கு நின்னிருக்காங்க, வீடியோவில வந்தது கடைசிச் சில நிமிஷம். சம்பவம் பழசு, காரணம் அற்பம்.

ஜனவரியில நம்ம பக்கம் எத்தனை பேர் ரிவர்ஸ் சர்ச் பண்ணாங்க? மார்ச்ல, தமிழ்நாட்டுப் பேர் கெடுதுன்னதும், ஒரே ராத்திரியில எல்லாரும் ஃபேக்ட் செக்கர் ஆயிட்டாங்க. ஒவ்வொரு ஃபிரேமையும் பெரிசு பண்ணிப் பார்த்தாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அந்தத் திறமை அஞ்சு வாரம் முன்னாடியும் நம்ம கையிலதான் இருந்துச்சு. நம்மளைப் பற்றி தப்பா வந்தா ஆதாரம் கேட்போம், அடுத்தவனைப் பற்றி வந்தா ஃபார்வேர்டு பட்டன் தேடுவோம். பீகார்ல ஒரு அம்மா மகனுக்குப் பதறிப்போய் ஃபோன் போட்டதுக்கும் நம்ம குரூப்ல கத்தினதுக்கும் ஒரு வித்தியாசம் சொல்லணும்னா, அந்த அம்மாவுக்கு இழக்க ஒரு மகன் இருந்தான்.

இன்னொரு சுவாரசியமான விஷயம் ரயில்வே ஸ்டேஷன் கூட்டம். அந்த வாரம் திருப்பூர், கோவை ஸ்டேஷன்கள்ல வட மாநிலத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமா ரயில் ஏறினாங்க. பயந்து ஓடுறாங்கன்னு சிலர். மார்ச் 8 ஹோலி, வருஷா வருஷம் போறதுதான்னு அதிகாரிகள். ஒரே காட்சிக்கு ரெண்டு விளக்கம். வெறும் கூட்டத்தோட ஃபோட்டோவை வச்சு எது சரின்னு சொல்லவே முடியாதுங்க. போன வருஷ ஹோலிக்கு எத்தனை பேர் போனாங்க, இந்த வருஷம் எத்தனை பேர், திரும்பி வர டிக்கெட் எடுத்திருக்காங்களா, ஹோலி கொண்டாடாதவங்களும் போறாங்களா? இந்தக் கேள்விகள்தான் ரெண்டையும் பிரிக்கும். கொஞ்சம் பேர் பண்டிகைக்கு, கொஞ்சம் பேர் பயத்துல, நிறையப் பேர் வீட்டுல இருந்து வந்த ஃபோன் தாங்காமப் போயிருப்பாங்கன்னுதான் எனக்குத் தோணுது. அரசு சைடுக்கும் ஹோலி சௌகரியமான பதிலா இருந்தது, அதையும் சொல்லிடணும்.

பிறகு என்ன ஆச்சு? பீகார் அதிகாரிகள் குழு திருப்பூர், கோவை எல்லாம் வந்து தொழிலாளர்கள்கிட்டயே பேசிட்டுப் போனது. உம்ராவை மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் சொன்னது. போலி வீடியோ பரப்பினதா குற்றம் சாட்டப்பட்ட பீகார் யூடியூபர் மனீஷ் காஷ்யப் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் பாய்ந்தது. நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது, டிசம்பர்ல ஜெயிலை விட்டு வெளிய வந்தார். வதந்திக்கு என்.எஸ்.ஏ. போடுறது எனக்கு ஒப்பாத விஷயம். வழக்கு நடத்த சாதாரணச் சட்டமே போதும். அந்த வருஷக் கடைசிக்குள்ள தமிழ்நாடு அரசே ஒரு தகவல் சரிபார்ப்பகம் ஆரம்பிச்சது. மத்திய அரசும் தன்னைப் பற்றிய செய்திகளுக்கு அப்படி ஒண்ணு அமைக்க விதி கொண்டு வந்தது, அதை 2024 செப்டம்பர்ல பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அரசு தன்னைப் பற்றிய செய்திக்கு தானே மார்க் போடலாமாங்கிறது தனி எபிசோடு.

அடுத்த வாரம், கேமராவே படத்துக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போடுற சி2பிஏ முறையைப் பார்க்கலாம். எங்க, எப்போ எடுத்தாங்கங்கிற தகவலை அழியாம வச்சுக்க முயற்சி பண்றாங்க. 2023 மார்ச்ல இது இருந்திருந்தா? ஜோத்பூர் வீடியோ ஜோத்பூர்லதான் எடுத்ததுன்னு, வாட்ஸ்அப் அந்தக் கையெழுத்தை அழிக்காம விட்டிருந்தா, காட்டியிருக்கும். வெறும் எழுத்துல வந்த "12 பேர்"க்கு எந்தக் கேமரா கையெழுத்துப் போடும்னு தெரியலைங்க. வரட்டுமா.