கேட்போர் யார்?

"அண்ணை, எங்கட வகுப்பின்ர பக்கம் முழுக்கப் பூச்சி பூச்சியாக் கிடக்குது. சோதினைத் திகதியை ஒருத்தராலும் வாசிக்கேலாமல் கிடக்கு."

கனடாவின் மார்க்கம் நகரில் தமிழ் வகுப்பு நடத்தும் தங்கச்சி ஒருத்தியின் தொலைபேசி அழைப்பு அது. ஸ்ரௌவ்வில்லில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் கணினியைத் திறந்தேன். தமிழ் இருந்த இடமெல்லாம் தலையில் கோடு சாய்ந்த ஒரு குட்டி 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் 'ஆர்', அதன் பின் ஏதோ ஒரு குறி. வரிக்கு வரி அதே கூட்டம்.

தமிழெழுத்தை யூடிஎஃப்-8 முறையில் அனுப்பும்போது அதன் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டாகப் பிரியும். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. இரண்டாவது, இரண்டே இரண்டில் ஒன்று. வந்திருப்பது மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று உலாவி பிழையாக எண்ணிவிட்டால், அந்த மூன்று பைட்டையும் தனித்தனி எழுத்தாகக் காட்டும். அதுதான் பூச்சி.

பக்கத்துக்குள் யூடிஎஃப்-8 என்று எழுதித்தான் இருந்தோம். ஆனால் சேர்வர் ஒரு பக்கத்தை அனுப்பும்போது, கடித உறையில் எழுதுவதுபோலத் தானும் ஒரு குறிப்பை மேலே வைக்கும். உள்ளே இருப்பதைவிட உறையில் இருப்பதையே உலாவி நம்பும். முதல் நாள் தளத்தைப் புதுச் சேர்வருக்கு மாற்றியிருந்தேன். அங்கே 'ஆட் டிஃபால்ட் சார்செட்' என்ற கட்டளை 'ஆன்' என்று கிடந்து, உறையில் மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று எழுதிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அதை யூடிஎஃப்-8 என்று மாற்றியதும் தமிழ் திரும்பி வந்தது. திருத்தியது ஒரு வரி. அதைக் கண்டுபிடிக்கப் போனது ஒன்றரை மணி நேரம்.

விடை, எங்கள் சேர்வரில் ஓடும் அப்பாச்சி மென்பொருளின் கையேட்டில் தெளிவாகவே இருந்தது. கட்டளைகளுக்கு அகரவரிசைப் பட்டியலும் இருந்தது. ஆனால் பட்டியலில் தேடுகிறவருக்குக் கட்டளையின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தது பூச்சி மட்டும்தான். வேறொரு பக்கத்தின் அடியில் 'இதையும் பார்க்க' என்று யாரோ ஒருவர் வைத்திருந்த இணைப்புத்தான் என்னைக் கரை சேர்த்தது. அந்த இணைப்பை வைத்தவர், என்னைப்போல் ஒருவன் வழிதவறி வருவான் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார். கையேட்டை ஒழுங்குபடுத்துவது என்பது அந்த யோசனைதான்.

அப்பாச்சி 1995இல் பிறந்த சேர்வர் மென்பொருள். இலினோய் பல்கலைக்கழகத்தில் ராப் மக்கூல் எழுதிய மென்பொருள், அவர் அங்கிருந்து போன பிறகு கவனிப்பாரின்றிக் கிடந்தது. அதைப் பயன்படுத்தியவர்களே தங்கள் திருத்தங்களை ஒன்றுசேர்த்து அப்பாச்சியை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டே உலகில் அதிகம் ஓடும் சேர்வர் அதுவாயிற்று. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். அப்படிப்பட்ட மென்பொருளை விற்ற கடை என்று ஒன்றில்லை, போய்க் கேட்க முடியாது. கையேடுதான் கடைக்காரர்.

அந்தக் கையேட்டின் முகப்பு, பொருளைப் பல கூறாக வகுத்திருக்கிறது. ஒவ்வொரு கட்டளையையும் விவரிக்கும் அகராதிப் பகுதி, பொதுவான பயனர் வழிகாட்டி, ஒரு வேலையை எப்படிச் செய்வது என்ற செய்முறைகள், இன்னின்ன இயங்குதளத்துக்கான குறிப்புகள். ஏன் இத்தனை பிரிவு? பிட்டு அவிக்க முதன்முதல் பழகும் பிள்ளைக்குக் கைபிடித்துச் சொல்ல வேண்டும். ஐம்பது பேருக்கு அவிக்கப் போகிறவருக்கு அளவு போதும். மாவை ஏன் வறுக்கிறோம் என்று கேட்பவருக்குக் காரணம் வேண்டும். மூவருக்கும் ஒரே பக்கத்தில் பதில் எழுதினால் மூவரும் பசியோடு போவார்கள்.

கட்டளை ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அது என்ன செய்யும், எப்படி எழுதுவது, எழுதாவிட்டால் என்ன நடக்கும், எந்த இடத்தில் எழுதலாம், எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று ஒரே ஒழுங்கில் சொல்லும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நன்னூல்தான் நினைவுக்கு வரும். நூலுக்கு எழுதும் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்தியைச் சொல்ல வேண்டும் என்கிறார் பவணந்தி முனிவர். ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர் என்று போகும் அந்த வரிசை, கேட்போர், பயன் என்று முடிகிறது. மென்பொருளாளர் பலர் முதல் ஆறிலேயே நின்றுவிடுகிறார்கள். இது யாருக்கு, அவருக்கு என்ன பயன் என்ற கடைசி இரண்டையும் முதலில் எழுதினால் மற்றவை தாமாக இடம்பிடிக்கும்.

பதிப்பும் முக்கியம். 2012இல் 2.4 பதிப்பு வந்தபோது, ஒரு பக்கத்தை யார் பார்க்கலாம் என்று சொல்லும் கட்டளை அடியோடு மாறியது. பழைய குறிப்பைப் பார்த்து எழுதினால் வாசகருக்கு 'அனுமதி இல்லை' என்ற பதில் கிடைக்கக்கூடும். அதனால் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கையேடு வைத்து, பழையதன் தலையில் எச்சரிக்கையும் ஒட்டியிருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பிலும் அதே கவனம். மொழிபெயர்த்த கோப்பின் உள்ளே, ஆங்கில மூலத்தின் எந்தத் திருத்த எண்ணைப் பார்த்து எழுதியது என்று ஒரு வரி இருக்கும். மூலம் முன்னே போய்விட்டால், இந்தப் பக்கம் பழையதாக இருக்கலாம் என்ற அறிவிப்பு மேலே தோன்றும். பிரெஞ்சு, யப்பானியம், கொரியம், துருக்கியம் எல்லாம் அந்த வரிசையில் நிற்கின்றன. தமிழ் இல்லை. கோப்பின் பெயரில் ஆங்கிலத்துக்கு 'இஎன்' என்றும் பிரெஞ்சுக்கு 'எஃப்ஆர்' என்றும் குறி இருக்கும். உலாவி கேட்கும் மொழியைப் பார்த்துச் சேர்வரே பொருத்தமானதை எடுத்துக் கொடுக்கும். தமிழுக்கு 'டிஏ' என்ற குறியீடு உலகத்தரத்தில் எப்போதோ ஒதுக்கப்பட்டுவிட்டது. கோப்பை எழுதத்தான் ஆளில்லை.

தொழில்நுட்பம் ஆங்கிலத்தில்தானே என்பவர்களுக்கு என்ஜின்எக்ஸ் சேர்வரின் கதையைச் சொல்வேன். ரஷ்யரான இகோர் சிசோயெவ் 2004இல் அதை வெளியிட்டார். தொடக்க காலத்தில் அதன் விளக்கங்கள் பெரும்பாலும் ரஷ்ய மொழியில்தான் இருந்தன. வேண்டியவர்கள் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்று அப்பாச்சிக்கு ஈடாக உலகெங்கும் ஓடுகிறது.

காலையில் ஸ்ரௌவ்வில்லிலிருந்து யூனியன் நிலையத்துக்குப் போகும் கோ ரயிலில் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அதில் தங்கச்சியின் வகுப்பைப் போன்ற சின்னத் தளங்களை நடத்துகிறவர்களுக்காக ஒரு தமிழ்க் கையேடு எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் பக்கத்துக்கு 'எழுத்துக் குறியாக்க அமைப்பு' என்று தலைப்பிட்டிருந்தேன். அவளுக்கு அனுப்பினேன். "இதுக்குள்ள நான் எதுக்கு வரப்போறன், அண்ணை?" என்று கேட்டாள்.

தலைப்பை அழித்துவிட்டு எழுதினேன்: 'பக்கம் பூச்சி பூச்சியாகத் தெரிகிறதா?'